ஒரே டிரஸ்ட், மூன்று கல்லூரி: நாக் வேலை எங்கே சறுக்கும், எப்படிப் பிடிப்பது

பெங்களூருவில் ஒரே டிரஸ்ட் இரண்டு மூன்று கல்லூரிகள் நடத்துவது சாதாரணம். அங்கெல்லாம் பாடம் நடத்தும் தமிழ் ஆசிரியர்களும் நிறையப் பேர் இருக்கிறோம். ஒரு நாள் பிரின்சிபல் ரூமுக்குக் கூப்பிட்டு, "இந்த வருஷம் நாக் போறோம், மூணு கேம்பஸுக்கும் சேர்த்து நீங்களே கோஆர்டினேட் பண்ணிடுங்க மேடம்" என்று சொல்வார்கள். எனக்கு அப்படித்தான் வந்தது. (நாக் என்பது கல்லூரிகளின் தரத்தைப் பார்த்து அங்கீகாரம் தரும் தேசிய அமைப்பு.) தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். அந்த வாக்கியத்தில் "சேர்த்து" என்ற ஒரு சொல்தான் பின்னால் வந்த எல்லாத் தொல்லைக்கும் காரணம் என்று புரிய எட்டு மாதம் ஆனது.

அந்த எட்டு மாதத்தில் நான் கற்றதை வரிசையாகச் சொல்கிறேன். பல்கலைக்கழகத்தோடு இணைந்த இணைப்புக் கல்லூரிகளில் ஐக்யூஏசி (கல்லூரிக்குள்ளேயே தரத்தைக் கவனிக்கும் குழு) பொறுப்பை ஏற்றுக்கொண்டு திகைத்து நிற்பவர்களுக்காக இது. எங்கள் மூன்றில் ஒன்று ஊருக்கு நடுவே, பழையது, பெயர் பெற்றது. இன்னொன்று கே.ஆர்.புரம் தாண்டி. மூன்றாவது ஓசூர் ரோட்டில் பொம்மனஹள்ளிப் பக்கம், சின்னது, பாதிப் பிள்ளைகள் வீட்டில் முதல் பட்டதாரிகள், அம்மா கார்மென்ட்ஸுக்குப் போய்ப் படிக்க வைக்கும் பிள்ளைகள். நான் அதிகம் கவலைப்பட்டதும் அந்த மூன்றாவது வளாகத்தைப் பற்றித்தான்.

முதலில், யாருக்கு அங்கீகாரம்?

எக்ஸெல் திறப்பதற்கு முன்னால் இரண்டு காகிதத்தைக் கையில் எடுங்கள். ஒவ்வொரு வளாகத்துக்கும் பல்கலைக்கழகம் கொடுத்த இணைப்பாணை, ஒவ்வொன்றின் ஆய்ஷே எண் (மத்திய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பில் கல்லூரிக்குத் தரும் எண்). இரண்டும் தனித்தனியாக இருந்தால் நாக் கணக்கில் அவை தனித்தனிக் கல்லூரிகள், தலைவரும் செயலரும் ஒரே ஆள் என்பது அங்கே செல்லாது. ஒவ்வொன்றும் தனியாக ஐஐக்யூஏ என்ற முதல்கட்ட விண்ணப்பம் போட வேண்டும், தனி எஸ்எஸ்ஆர் (சுய ஆய்வு அறிக்கை) எழுத வேண்டும், தனிக் கட்டணம் கட்ட வேண்டும், கல்லூரியைப் பார்க்கத் தனிக் குழு வரும், தனி கிரேடு வரும். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் கதை வேறு, யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) ஒப்புதல் உள்ள வெளிவளாகங்களையும் பல்கலைக்கழகத்தோடு சேர்த்தே பார்ப்பார்கள். நம்மில் பெரும்பாலோர் இணைப்புக் கல்லூரிக்காரர்கள், அதனால் தனித்தனிதான்.

அடுத்து தகுதி. இரண்டு பேட்ச் படித்து வெளியேறியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் தொடங்கி ஆறு வருடம் ஆகியிருக்க வேண்டும், எது முதலில் வருகிறதோ அது. மூத்த வளாகத்தின் வயதைக் காட்டி இளைய வளாகத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. எங்கள் நிர்வாகக் கூட்டத்தில் ஒருவர் "1980களிலிருந்து இருக்கிறோமே" என்றார். அந்த வயது ஊருக்கு நடுவே இருக்கிற கட்டடத்தின் வயது, மற்ற இரண்டுக்கும் அதில் பங்கு கிடையாது.

இந்தத் தனியா சேர்த்தா என்ற கேள்வி நமக்கு மட்டும் வந்ததில்லை. அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரி (உள்ளூர்க்காரர்களுக்கான இரண்டு வருடக் கல்லூரி) அமைப்புகள் இதை வருடக்கணக்கில் பேசியிருக்கின்றன. அரிசோனாவில் மாரிகோப்பா மாவட்டத்தில் ஒரே நிர்வாகத்தின் கீழ் பத்துக் கல்லூரிகள், அங்கீகாரம் ஒவ்வொன்றுக்கும் தனி. டெக்சஸில் டல்லாஸ்காரர்கள் ஏழு கல்லூரிகளை 2020-ல் ஒரே கல்லூரியாக்கி ஒரே அங்கீகாரத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். கனெக்டிகட் மாநிலம் பன்னிரண்டு கல்லூரிகளை 2023 ஜூலை 1-ல் ஒன்றாக்கியது, ஆனால் 2018-ல் அவர்கள் கொடுத்த முதல் திட்டத்தை அங்கீகார அமைப்பு ஏற்கவில்லை, மறுபடி வருடக்கணக்கில் உட்கார்ந்து திட்டத்தை மாற்ற வேண்டியிருந்தது. சேர்ந்தால் செலவு மிச்சம், மாணவர் ஒரு வளாகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது சுலபம். ஆனால் ஒரே கூரை என்றால் விழும்போதும் எல்லோர் தலையிலும் விழும். சான் பிரான்சிஸ்கோ நகரக் கல்லூரிக்குப் பல வளாகங்கள், அங்கீகாரம் ஒன்றே ஒன்று. 2013 ஜூலையில் அதை ஒரு வருடத்தில் ரத்து செய்வதாக அங்கீகார ஆணையம் அறிவித்தது. சொன்ன குறைகளில் பெரும்பகுதி நிதி, நிர்வாகம் பற்றியவை. விஷயம் நீதிமன்றம் வரை போய், 2017 ஜனவரியில்தான் முழு அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது. நடுவில் ஆயிரக்கணக்கான மாணவர்கள் அங்கே சேராமல் போனார்கள். இதை நான் எங்கள் டிரஸ்டியிடம் சொன்னதற்குக் காரணம், "மூணையும் ஒண்ணாக்கிட்டா நல்ல கிரேடு எல்லாத்துக்கும் கிடைச்சிடுமே" என்று அவர் கேட்டதுதான். தனித்தனி என்பது நமக்கு வேலைச் சுமை, சரி. ஆனால் ஒரு வளாகத்தில் கணக்கு குளறுபடியானால் அதன் அடி மற்ற இரண்டில் படிக்கும் பிள்ளைகள் மேல் விழாது.

ஒரே ஊர், மூன்று பல்கலைக்கழகம்

இது பெங்களூருக்கே உரிய தலைவலி. பெங்களூரு பல்கலைக்கழகத்தை 2017 வாக்கில் மூன்றாகப் பிரித்தார்கள்: பழைய பெங்களூரு பல்கலைக்கழகம், பின்னால் பெங்களூரு நகரப் பல்கலைக்கழகம் என்று பெயர் மாறிய பெங்களூரு மத்தியப் பல்கலைக்கழகம், கோலாரைத் தலைமையிடமாகக் கொண்ட பெங்களூரு வடக்குப் பல்கலைக்கழகம். அதுவரை ஒரே பல்கலைக்கழகத்தில் இருந்த எங்கள் மூன்று வளாகங்களும் இடத்தைப் பொறுத்து மூன்று பக்கம் போயின. பாடத்திட்டக் குழு வேறு, தேர்வு அட்டவணை வேறு, முடிவு வரும் தேதி வேறு.

இதோடு பாடத்திட்டமும் மாறிக்கொண்டே வந்தது. நாக் ஐந்து வருடத் தரவு கேட்கும். கர்நாடகத்தில் 2021-22-ல் புதிய கல்விக் கொள்கைப்படி நான்கு வருடப் பட்டம் வந்தது, 2024-ல் அதை விட்டு மறுபடி மூன்று வருடப் பட்டத்துக்கு வந்தார்கள். ஆக உங்கள் ஐந்து வருடத்துக்குள் பழைய சிபிசிஎஸ் (விருப்பப் பாடத் தேர்வு முறை), என்ஈபி (புதிய கல்விக் கொள்கை), அதற்குப் பின் வந்த எஸ்ஈபி (மாநிலக் கல்விக் கொள்கை) என்று மூன்று திட்டங்கள் இருக்க வாய்ப்புண்டு. பாடங்களின் எண்ணிக்கையை ஒரே எக்ஸெல் பத்தியில் போட்டால் ஏன் ஒரு வருடம் திடீரென்று கூடுகிறது, இன்னொரு வருடம் குறைகிறது என்று கேள்வி வரும். அதனால் ஒவ்வொரு வளாகத்துக்கும் ஒரு பக்கம் மட்டும் உள்ள விளக்கத்தாள் தயார் செய்யுங்கள்: எந்த வருடச் சேர்க்கைக்கு எந்தத் திட்டம், அதற்கான பல்கலைக்கழகச் சுற்றறிக்கை எண் என்ன. நான் இதை மூன்றாவது மாதத்தில் செய்தேன், முதல் வாரத்திலேயே செய்திருக்க வேண்டும்.

தேர்ச்சி சதவீதத்துக்கு யூயூசிஎம்எஸ் என்ற, கர்நாடகப் பல்கலைக்கழகங்களின் பொதுத் தளத்திலிருந்து எடுத்ததையே நம்புங்கள். ஆபீஸில் யாரோ நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்த கணக்கை எடுக்காதீர்கள். தளத்துக்கு முந்தைய பேட்ச் என்றால் பல்கலைக்கழகம் அனுப்பிய ரிசல்ட் ஷீட். கேட்பது கடைசி வருட மாணவர்களின் தேர்ச்சி. அரியர் எழுதியவர்களை அதில் கலக்க வேண்டாம்.

ஆசிரியர் பட்டியல்: பெரும்பாலோர் விழும் பள்ளம்

இங்கே கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும். கிரேடு முறையில் இளநிலை மட்டும் உள்ள இணைப்புக் கல்லூரிக்கு மொத்தம் 1000 மதிப்பெண்ணில் 350 கற்றல்-கற்பித்தலுக்கே போனது, ஆராய்ச்சிக்கு 110, மற்றவை 100, 140 என்று பிரிந்தன. அந்த 350-க்குள் பல கணக்குகள் முழுநேர ஆசிரியர் எண்ணிக்கை மேல் நிற்கின்றன: மாணவர்-ஆசிரியர் விகிதம், அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில் எத்தனை நிரம்பியிருக்கிறது, எத்தனை பேர் நெட், செட் தகுதித் தேர்வு முடித்தவர்கள் அல்லது பிஎச்டி. ஒரு எண் ஆட்டம் கண்டால் நாலைந்து இடத்தில் ஆடும்.

ஒரே டிரஸ்டில் என்ன நடக்கும் தெரியுமா? காமர்ஸ் ஆசிரியர் ஒருவர் திங்கள், செவ்வாய், புதன் நகர வளாகத்தில், வியாழன், வெள்ளி பொம்மனஹள்ளியில். இரண்டு வளாகமும் அவரைத் தன் ஆளாக எழுதும். பிஎச்டி இருந்தால் கேட்கவே வேண்டாம், மூன்று வளாகமும் எழுதும். நாக் சொல்லும் முழுநேர ஆசிரியர் என்பதற்கு ஒரு வரையறை உண்டு: கல்வியாண்டு முழுவதும், வழக்கமான வேலை நேரத்தில் குறைந்தது 90 சதவீதம் அங்கே வேலை பார்ப்பவர். மூன்று நாள் இங்கே, இரண்டு நாள் அங்கே போகிறவர் அந்த வரையறைப்படி எந்த வளாகத்திலும் முழுநேரம் இல்லை. கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் கணக்கு அதுதான்.

எங்கள் முதல் முயற்சியில் ஏழு பெயர்கள் இரண்டு வளாகத்தின் பட்டியலிலும் இருந்தன. டிவிவி கட்டத்தில், அதாவது நாம் கொடுத்த தரவை அவர்கள் சரிபார்க்கும் கட்டத்தில், நியமன ஆணையும் சம்பள ஆதாரமும் கேட்டார்கள். சம்பளம் போனது டிரஸ்டின் பொதுக் கணக்கிலிருந்து, நியமன ஆணையில் "டிரஸ்டின் கல்லூரிகளில் பணிபுரிய" என்று பொதுவாக எழுதியிருந்தது. எந்தக் கல்லூரி என்று அந்தக் காகிதம் சொல்லவில்லை. பதினைந்து நாள் தூக்கம் போனது.

செய்ய வேண்டியது இது. மூன்று வளாகத்துக்கும் சேர்த்து ஒரே மாஸ்டர் பட்டியல் போடுங்கள் (சேர்த்துச் செய்ய வேண்டிய வேலை என்றால் இது ஒன்றுதான்). பெயரை வைத்து ஒப்பிடாதீர்கள், ஏனென்றால் ஒரே ஆள் ஒரு பட்டியலில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் இனிஷியல் பின்னால், மூன்றாவதில் கல்யாணத்துக்குப் பின் மாறிய பெயரோடு இருப்பார். பான் எண்ணை வைத்து வரிசைப்படுத்துங்கள், இரட்டைப் பதிவு உடனே கண்ணில் படும். பிறகு நிர்வாகத்திடம் போய் ஒவ்வொருவருக்கும் ஒரு தாய் வளாகம் முடிவு செய்து, கல்லூரி பெயரோடு திருத்திய பணி ஆணை வாங்குங்கள். அந்த ஆணைக்கு இன்றைய தேதிதான் போட வேண்டும். பழைய தேதி போட்டு ஆணை தயாரிக்கச் சொல்வார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். மாட்டினால் கல்லூரியின் பெயர் மட்டும் போகாது, கையெழுத்துப் போட்ட உங்கள் பெயரும் போகும். கடந்த வருடங்களுக்கு உண்மை எதுவோ அதையே எழுதி, இந்த வருடத்திலிருந்து சரி செய்தோம் என்று காட்டுவது குறைந்த மதிப்பெண் தரலாம், ஆனால் நிற்கும்.

ஆய்வுக் கட்டுரைகளிலும் இதே கதை. கட்டுரையில் ஆசிரியர் பெயருக்குக் கீழே எந்தக் கல்லூரி பெயர் அச்சாகியிருக்கிறதோ அது அந்தக் கல்லூரிக்குத்தான். டிரஸ்டின் பெயரை மட்டும் போட்டு அனுப்பியிருந்தால் எங்கும் சேராது. இனி அனுப்பும் கட்டுரைகளில் கல்லூரிப் பெயர் எப்படி எழுத வேண்டும் என்று ஒரு வரியை எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். தரமான ஆய்வு இதழ்கள் என்று யுஜிசி வைத்திருந்த யுஜிசி-கேர் பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டார்கள் என்பதால், முன்பு வெளிவந்த கட்டுரைகளுக்கு அந்தச் சமயத்தில் இதழ் பட்டியலில் இருந்ததற்கான ஸ்கிரீன்ஷாட் யாரிடமாவது இருந்தால் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

நூலகம், லேப், கணக்கு

பொம்மனஹள்ளி வளாகத்து லைப்ரரி அக்கா ஒரு நாள் அலமாரிக்கு மேலிருந்து நீளமான அக்சஷன் ரெஜிஸ்டரை (புத்தகங்களை எண் போட்டு ஏற்றும் பதிவேட்டை) இறக்கி, தூசியைத் துணியால் துடைத்து என் முன்னால் விரித்தார். எண்ணுக்கு நேராக ஒரு காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகம். புத்தகத்தை எடுத்துத் தலைப்புப் பக்கத்தைத் திருப்பினால் இரண்டு முத்திரை. ஊதா மையில் நகரக் கல்லூரியின் பெயர், அதன் மேல் பாதி ஏறினாற்போல் பச்சையில் இந்தக் கல்லூரியின் பெயர், பக்கத்தில் வேறு எண்.

"இது எப்படி அக்கா?"

"இந்தக் காலேஜ் ஆரம்பிச்சப்போ எல்ஐசி இன்ஸ்பெக்‌ஷனுக்குக் காட்டணும்னு ரெண்டு ஆட்டோல ஏத்தி அனுப்பினாங்க மேடம். பாதி திரும்பிப் போச்சு, மீதி இங்கேயே தங்கிடுச்சு."

எல்ஐசி என்று அவர் சொன்னது பல்கலைக்கழகத்திலிருந்து வரும் உள்ளூர் விசாரணைக் குழுவை. நகரக் கல்லூரி ரெஜிஸ்டரில் அந்தப் புத்தகங்கள் இன்னும் இருந்தன, இங்கேயும் இருந்தன. இரண்டு எஸ்எஸ்ஆரிலும் ஒரே புத்தகம் எண்ணப்பட்டிருக்கும். நாங்கள் செய்தது: இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இரட்டை முத்திரை உள்ளவற்றை எல்லாம் தனியே எடுத்தோம். நூலகக் குழுக் கூட்டம் போட்டுத் தீர்மானம் எழுதினோம். நகரக் கல்லூரி ரெஜிஸ்டரில் சிவப்பு மையில் "மாற்றப்பட்டது" என்று தேதியோடு எழுதி, இங்கே புதிய எண்ணில் ஏற்றினோம். நகரக் கல்லூரியின் எண்ணிக்கை குறைந்தது, பிரின்சிபல் முகம் சுருங்கியது. ஆனால் பொம்மனஹள்ளிப் பிள்ளைகளுக்கு முதல் தடவையாக அவர்கள் பெயரில் ஒரு நூலகம் இருந்தது. அந்த வருடமே டிரஸ்டிடம் கேட்டு இருநூறு புதுப் புத்தகமும் வாங்க முடிந்தது, ஏனென்றால் எத்தனை குறைகிறது என்று காட்ட அப்போதுதான் ஒரு நேர்மையான கணக்கு கையில் வந்தது.

கணினி, புரொஜக்டர், லேப் கருவி எல்லாவற்றுக்கும் இதே வழி. ஒவ்வொரு பொருளிலும் வளாகத்தின் சுருக்கப் பெயரோடு ஸ்டாக் எண் பெயின்டால் எழுதுங்கள், ஸ்டிக்கர் ஒட்டினால் உரிந்துவிடும். பில்லில் எந்த வளாகத்தின் முகவரி என்று பாருங்கள், டெலிவரி முகவரி ஒன்றும் பில் முகவரி இன்னொன்றுமாக இருந்தால் அப்போதே வெண்டரிடம் மாற்றி வாங்குங்கள், மூன்று வருடம் கழித்துக் கேட்டால் அவர் கடையே இருக்காது.

செலவுக் கணக்கு தனி விஷயம். டிரஸ்டுகள் பெரும்பாலும் ஒரே ஆடிட் அறிக்கை வைத்திருக்கும். நாக் கேட்பது அந்தக் கல்லூரியின் தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவு, அதில் கட்டமைப்புக்கு எவ்வளவு, பராமரிப்புக்கு எவ்வளவு, சம்பளம் நீக்கி. ஆடிட்டரிடம் மார்ச்சுக்கு முன்னாலேயே போய் வளாகவாரியாகத் தனி அட்டவணை வேண்டும் என்று சொல்லுங்கள், சான்றிதழில் யூடின் எண் (ஆடிட்டரின் ஒவ்வொரு சான்றுக்கும் உள்ள தனி அடையாள எண்) இருக்கட்டும். பொதுவான பஸ், ஜெனரேட்டர், செக்யூரிட்டி போன்றவற்றை எந்த அடிப்படையில் பிரிக்கிறோம் என்று, மாணவர் எண்ணிக்கைப்படியா கட்டடப் பரப்புப்படியா, நிர்வாகக் குழுத் தீர்மானமாக எழுதி வைத்துவிட்டு ஐந்து வருடமும் அதே அடிப்படையைப் பிடித்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஒரு அடிப்படை மாற்றினால் விளக்கவே முடியாது.

ஐக்யூஏசி கூட்டம்: ஒரு மினிட்ஸ் புத்தகம் போதாது

மூன்று வளாகத்துக்கும் ஒரே கூட்டம் போட்டு, ஒரே மினிட்ஸை ஜெராக்ஸ் எடுத்து மூன்று ஃபைலில் வைப்பது வழக்கம். வேண்டாம். ஒவ்வொரு கல்லூரிக்கும் தன் பிரின்சிபல் தலைமையில், தன் ஆசிரியர், தன் மாணவர், தன் முன்னாள் மாணவர், அக்கம்பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், நிர்வாகப் பிரதிநிதி என்று தனி ஐக்யூஏசி இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது கூட வேண்டும், மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர் வந்தால்தான் கோரம். வந்தவர்கள் கையெழுத்து, எடுத்த முடிவு, அடுத்த கூட்டத்தில் அது என்ன ஆனது என்ற குறிப்பு. கடைசியில் சொன்னதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள், ஆனால் குழுவில் வருகிறவர்கள் முதலில் புரட்டிப் பார்ப்பது அதைத்தான்.

மூன்றுக்கும் பொதுவான ஒரு ஒருங்கிணைப்புக் கூட்டம் மாதம் ஒரு முறை வேண்டும் என்றால் தனியாக நடத்திக்கொள்ளுங்கள், ஜூமில் அரை மணி போதும். சில்க் போர்ட் சிக்னலைத் தாண்டி நேரில் வரச் சொல்லி யாரையும் வதைக்காதீர்கள்.

காகிதமும் படமும்

ஆவணங்களில் பாதி கன்னடத்தில் இருக்கும்: பஞ்சாயத்துக் கடிதம், அரசு உதவித்தொகை ஆணை, என்எஸ்எஸ் முகாம் சான்று. அவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு இணைத்து பிரின்சிபல் கையெழுத்திட வேண்டும். எனக்குக் கன்னடம் பேச வரும், அரசாணைக் கன்னடம் படிக்க வராது. ஆபீஸ் சூப்பரின்டென்டென்ட் சாரிடம் தினமும் மதியம் அரை மணி உட்கார்ந்து அவர் படிக்க நான் எழுதினேன். அவர் இல்லாவிட்டால் அந்த வேலை முடிந்திருக்காது. உங்கள் கல்லூரியிலும் அப்படி ஒருவர் இருப்பார், முதல் நாளே போய்ப் பேசுங்கள்.

நிகழ்ச்சிப் படங்களை, எடுத்த இடத்தைப் படத்திலேயே பதிக்கும் ஜியோடேக் கேமரா ஆப்பில் எடுக்கச் சொல்லுங்கள். பல வளாகக்காரர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. மூன்று கல்லூரியும் சேர்ந்து நகர வளாகத்து ஆடிட்டோரியத்தில் ஒரு கருத்தரங்கு நடத்தும், படத்தில் இடக்குறி அங்கேதான் காட்டும், ஆனால் மூன்று எஸ்எஸ்ஆரிலும் "எங்கள் வளாகத்தில் நடந்தது" என்று எழுதியிருப்பார்கள். உண்மையை எழுதினால் ஒன்றும் குறைந்துவிடாது: நடத்திய கல்லூரி எது, பங்கேற்ற கல்லூரி எது, எங்கள் மாணவர் எத்தனை பேர் போனார்கள் என்று வருகைப் பட்டியலோடு எழுதுங்கள்.

டிரைவில் ஃபோல்டர் அமைப்பது சுலபம். மேலே வளாகம், அதற்குள் வருடம், அதற்குள் நாக் அளவுகோல் எண். தலைகீழாக, எண் மேலே வைத்து வளாகம் உள்ளே வைத்தால் யாராவது தவறான கல்லூரியின் கோப்பை ஏற்றிவிடுவார்கள். எங்களுக்கு ஒரு தடவை நடந்தது.

சமுதாயக் கல்லூரிப் படிப்பு நடத்துகிறவர்களுக்கு

நம் நாட்டில் 1995-ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும், அடுத்த வருடம் சென்னையில் மறைமாவட்டமும் தொடங்கிய, வேலைக்கான திறன் கற்றுத்தரும் சமுதாயக் கல்லூரிகள்தான் முன்னோடி. 2013 வாக்கில் யுஜிசி இதைத் திட்டமாக்கியபின் பல கல்லூரிகள் தங்களுக்குள்ளேயே டிப்ளமோ படிப்புகள் தொடங்கின. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை வாங்கித் தந்த நல்ல படிப்புகள் அதில் உண்டு. ஆனால் நாக் கணக்கில் டிகிரி மாணவர், டிப்ளமோ மாணவர், டிகிரியோடு சான்றிதழ்ப் படிப்பும் படிக்கும் மாணவர் மூவரும் ஒரே எண்ணுக்குள் கலந்துவிடும் ஆபத்து உண்டு. சேர்க்கைப் பதிவேட்டைத் தனியாக வையுங்கள். சான்றிதழ்ப் படிப்பாகக் காட்ட வேண்டுமானால் 30 மணி நேரத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். பாடத்திட்டம், நாள்வாரி வருகை, மாதிரிச் சான்றிதழ் மூன்றும் வேண்டும். வகுப்பு நகர வளாகத்தில் நடந்து மாணவர் மற்ற இரண்டிலிருந்தும் வந்திருந்தால் மாணவரை அவரவர் கல்லூரியில் எண்ணுங்கள், படிப்பை மட்டும் அதை நடத்திய கல்லூரியில் எண்ணுங்கள்.

விண்ணப்பம் போன பின்

ஐஐக்யூஏ ஏற்கப்பட்டதும் எஸ்எஸ்ஆருக்கு 45 நாள் என்று ஓடத் தொடங்கும். அதனால் எஸ்எஸ்ஆர் முக்கால்வாசி எழுதி முடித்தபின் ஐஐக்யூஏ போடுங்கள். மூன்று வளாகத்துக்கும் ஒரே மாதத்தில் போடவே கூடாது. எங்கள் நிர்வாகம் மூன்றையும் ஒரே நாளில் போட வேண்டும் என்றது, நான் முடியாது என்று நின்றேன், ஆறு மாத இடைவெளி கிடைத்தது. அப்புறம் வரிசை. பெரிய வளாகத்தை முதலில் அனுப்பி எல்லா ஆளையும் பணத்தையும் அதற்கே கொட்டிவிட்டு, சின்ன வளாகத்துக்கு வரும்போது எல்லோரும் களைத்திருப்பார்கள். நான் கேட்டுக்கொள்வது, முடிந்தால் சின்ன வளாகத்தின் ஆவண வேலையை முதலில் முடியுங்கள். அங்கே மாணவர் குறைவு, கோப்பு குறைவு, தவறுகளை அங்கே கண்டுபிடித்தால் மற்ற இரண்டிலும் திருத்திக்கொள்ளலாம். அந்தப் பிள்ளைகளுக்கும் ஒரு தடவையாவது முதல் பந்தி கிடைக்கும்.

மாணவர் திருப்திக் கணிப்பில் 21 கேள்விகள், பதில் வர வேண்டியது மாணவரில் 10 சதவீதம் அல்லது 100 பேர், எது குறைவோ அது. கேட்கச் சின்ன எண். ஆனால் மின்னஞ்சல் முகவரி சேர்க்கையின்போது சைபர் கடைக்காரர் உருவாக்கிக் கொடுத்தது, பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது, போன் நம்பர் அப்பாவுடையது. விண்ணப்பத்துக்கு ஒரு மாதம் முன்பே வகுப்பு வகுப்பாகப் போய் முகவரியைச் சரிபாருங்கள். என்ன பதில் எழுத வேண்டும் என்று மட்டும் சொல்லிக் கொடுக்காதீர்கள்.

2024 ஜனவரியில் நாக் கிரேடுக்குப் பதிலாக அங்கீகாரம் உண்டு, இல்லை என்ற இருநிலை முறையை அறிவித்தது. நான் இங்கே சொல்லும் மதிப்பெண், நாள், வருடக் கணக்கெல்லாம் பழைய கிரேடு முறைக்கானவை. ஆகவே நீங்கள் விண்ணப்பிக்கும் வாரத்தில் நடப்பில் உள்ள கையேட்டை நாக் தளத்திலிருந்தே இறக்குங்கள், பக்கத்துக் கல்லூரியில் வாங்கிய பழைய பிடிஎஃப் வேண்டாம். நாகரபாவியில் அவர்கள் அலுவலகம் நம் ஊரிலேயே இருக்கிறது என்பதற்காக நேரில் போய் நின்றால் வேலை நடக்கும் என்று சிலர் நினைப்பார்கள். கேள்வி எதுவானாலும் தளத்தின் வழியே எழுத்தில் கேளுங்கள், பதிலும் எழுத்தில் இருக்கும்.

குழு வரும் நாளுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. முந்தின இரவு டெம்போ வைத்து அடுத்த வளாகத்திலிருந்து கணினியும் புத்தகமும் கொண்டுவரும் பழக்கம் சில இடங்களில் உண்டு, நானே ஒரு காலத்தில் அப்படி ஒரு டெம்போ பின்னால் நின்று எண்ணிக் கொடுத்திருக்கிறேன், இப்போதும் நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. மறுநாள் அவை திரும்பிப் போகும்போது மாணவர்கள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இல்லாததை இல்லை என்று சொல்லி, எப்போது வாங்கப் போகிறோம் என்ற தீர்மானத்தைக் காட்டுங்கள்.

கிரேடு முறையில் முடிவு வந்ததும் ஐந்து வருடம் செல்லும். நினைத்த அளவு வரவில்லை என்றால் ஒரு வருடம் கழித்து, மூன்று வருடத்துக்குள் மறுமதிப்பீடு கேட்கலாம். அடுத்த சுற்றுக்கான விண்ணப்பத்தைச் செல்லுபடி முடியும் கடைசி ஆறு மாதத்துக்குள் போட வேண்டும், அதற்கு நடுவில் வருடா வருடம் ஏக்யூஏஆர் (ஆண்டுத் தர அறிக்கை) போயிருக்க வேண்டும், ஒரு வருடம் விட்டாலும் அடுத்த சுற்றில் வாசலிலேயே நிறுத்துவார்கள். மூன்று வளாகத்தின் மூன்று காலாவதித் தேதியையும் ஒரே காலண்டரில் குறித்து பிரின்சிபல் ரூமில் மாட்டிவிடுங்கள். அப்புறம் புராஸ்பெக்டஸ் அச்சுக்குப் போகும் முன் புரூஃபை நீங்களே பாருங்கள். டிரஸ்ட் பெயருக்குக் கீழே பொத்தாம் பொதுவாக ஒரு கிரேடு போட்டிருப்பார்கள், அதை அடித்துவிட்டு எந்தக் கல்லூரி, எந்த கிரேடு, எந்தத் தேதி வரை என்று மூன்று வரியாக எழுதச் சொல்லுங்கள். கிருஷ்ணகிரியிலிருந்தோ கேஜிஎஃப்பிலிருந்தோ மகளைச் சேர்க்க வரும் அப்பா படிப்பது அந்தப் பக்கத்தைத்தான்.